மஞ்சளா நீலமா

மூடியைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அதைத் தவிர இந்த வண்டியில் வெள்ளிங்கிரி எல்லா வேலையும் பார்த்து முடித்துவிட்டான். ரெண்டு வாரமாக பின்லைட்டு, வைப்பர் மோட்டார், ஹாரன், கதவு லாக், யாருமே கேட்காத டிக்கி பல்பு வரைக்கும் மாற்றியாயிற்று. இனிமேல் தள்ளிப்போடுவதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, தலையை ஸ்டீயரிங்குக்கு அடியில் விட்டு, கால் ரெண்டையும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தான். மூக்குக்கு ஒரு சாண் மேலே ஃபியூஸ் பாக்ஸ். கறுப்பு மூடி, ஓரத்தில் ஒரு கொக்கி, கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். இருபத்தாறு வருசத் தொழிலில் இப்படி எத்தனை மூடி தட்டியிருப்பான், கணக்கா வழக்கா. பக்கத்து ஷெட்டில் ஆரோக்கியத்தின் லேத் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆரோக்கியம்தான் அந்தக் கம்பி லிவரைச் செய்து கொடுத்தவர். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மனுசன் கையாலேயே ஓட்டுவதற்கு. அந்தக் கம்பி இறங்குகிற வழியில் சரியாக இந்த ஃபியூஸ் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. அதைப் பெயர்த்து இடது பக்கம், டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். முப்பத்தொரு ஒயர். ஒவ்வொன்றையும் நம்பர் ஒட்டி, அறுத்து, ரெண்டரை அடி நீட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட வேண்டும். ஒரு நாள் வேலை, கண்ணை மூடிக்கொண்டே செய்வான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வழி ஒன்று இருந்திருந்தால் இந்த ரெண்டு வாரம் இழுத்திருக்கவே மாட்டான்.

"என்னங்க மச்சான், சத்தத்தையே காணோம். உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் தங்கச்சி பூங்கொடியின் புருசன் தேவசேனாபதி. தகரக் கூரை நிழலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, காலையிலிருந்து ஷெட்டுக்கே காவல் மாதிரி இருந்தார். "தூங்கலீங்க மாப்ள, பாத்துட்டிருக்கேன்" என்றான் வெள்ளிங்கிரி. "பாருங்க பாருங்க. தூங்கறதுல மட்டும் எங்கூடப் போட்டிக்கு வந்தர்றாதீங்க, அதுல நம்மள மிஞ்ச ஆளே கெடையாது" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை சிரித்தார். ஆறு வருசமாக இதே பேச்சுதான். தூக்கம் என்று ஒரு வார்த்தை எங்கே விழுந்தாலும் முந்திக்கொண்டு தன்னைத்தானே குத்திக்கொள்வார், வேறு யாரும் குத்துவதற்குள். ஆரம்பத்தில் கேட்கிறவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அப்புறம் பழகிப்போயிற்று. வெள்ளிங்கிரிக்கு மட்டும் பழகவில்லை. பழகவில்லை என்றால் வலிக்கிறது என்று அர்த்தமில்லை, அதுதான் கூத்து. ஒன்றுமே ஆகவில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். பூங்கொடி செத்த அன்றைக்கே அப்படித்தான் இருந்தான். வீட்டு வாசலில் பந்தல் போட்டதும் டியூப் லைட்டுக்கு ஒயர் இழுத்தது அவன்தான். யாரும் சொல்லவில்லை, கை பாட்டுக்குச் செய்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பொம்பளைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, "கொஞ்சம் தள்ளிக்குங்க, ஷாக் அடிச்சுரும்" என்றான். லைட் எரிந்தது. எரிகிறதா என்று ரெண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தான். தங்கச்சி முகம் அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது. நெற்றியில் ஒரு கட்டு, அதைத் தவிர ஒன்றுமில்லை. பெரியப்பா மகன் தோளைத் தொட்டு, "அழுதுருடா, உள்ள வெச்சுக்காத" என்றான். உள்ளே என்ன இருந்தது வைத்துக்கொள்வதற்கு. உள்ளே அப்போது ஒரே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது, அழுகை வர அது இடம் விடவில்லை. மஞ்சளா, நீலமா.

அன்றைக்கு நடந்தது இதுதான். எத்தனை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பான், ஒரு தடவைகூட கடைசி வரைக்கும் போனதில்லை. தாராபுரத்தில் மாப்பிள்ளையின் அத்தை மகளுக்குக் கல்யாணம், சாயங்காலம் ரிசப்ஷன். அவர்கள் பாப்பா மிருதுளாவுக்கு மறுநாள் பரீட்சை, அதனால் அவளை வெள்ளிங்கிரி வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. மத்தியானம் மூன்று மணிக்கு வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர் வண்டிக்காரன் எல்லாம் கண்ணைக் குருடாக்குகிறான், நம் லைட் அகல் விளக்கு மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளை ரொம்ப நாளாக முனகிக்கொண்டிருந்தார். சரி என்று வெள்ளிங்கிரி நூறு வாட்ஸ் பல்பு ரெண்டு போட்டுவிட்டான். போட்டு எரிய விட்டால் இடது பக்க லைட் மினுங்குகிறது. பார்த்தால் ஃபியூஸ் பாக்ஸில் இடது லைட்டின் குழி சூட்டில் இளகி, பிளாஸ்டிக் கருகிக் கிடக்கிறது. கம்பெனியில் இடது லைட்டுக்கு ஒரு ஃபியூஸ், வலதுக்கு ஒரு ஃபியூஸ் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்று எரியட்டும் என்று. மொத்த பாக்ஸையும் மாற்றத்தான் வேண்டும். பாக்ஸ் கையில் இல்லை, டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் வாங்கி வந்து மாற்றுவதற்குள் ராத்திரி ஆகிவிடும். ஒயர்மேன் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் வெள்ளிங்கிரியும் செய்தான். இடது ஒயரை அறுத்து வலது ஒயரோடு சேர்த்து ஒரே குழியில் கொடுத்தான். ரெண்டு லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். "போயிட்டு வாங்க, திங்கக்கெழமை பாக்ஸையே மாத்திக் குடுத்தர்றேன்" என்றான். இது வரைக்கும் தெளிவு. எழுதிவைத்தது மாதிரி தெளிவு. இதற்கு மேலேதான் மூடுபனி. ஒரு லைட்டுக்குப் பதினைந்து ஆம்பியர் நீல ஃபியூஸ் போதும். ரெண்டு நூறு வாட்ஸ் சேர்ந்தால் பதினாறு பதினேழு ஆம்பியர் இழுக்கும், இருபது ஆம்பியர் மஞ்சள் போட வேண்டும். நீலம் போட்டால் உடனே போகாது. ராத்திரி திரும்பும்போது தாராபுரம் எல்லை தாண்டும், காங்கேயம் தாண்டும், சும்மா ஹை பீமில் அரைமணி ஒருமணி ஓடி, சூடேறி, அப்புறம் ஒரு கணத்தில் போகும். ரெண்டு லைட்டும் ஒரே சமயத்தில் அணையும். இருட்டு ரோட்டில், எண்பதில் போகிற வண்டியில், முன்னால் பின்லைட் இல்லாமல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால். அன்றைக்கு நின்றது, வண்டி அதில்தான் போய் மோதியது. அவன் கை எந்த ஃபியூஸை எடுத்தது?

மஞ்சளை எடுத்த ஞாபகம் இருக்கிறது. நீலத்தை எடுத்த ஞாபகமும் இருக்கிறது. ரெண்டும் ஒரே அளவுக்குத் துல்லியம், அதுதான் சனியன். மஞ்சள் ஃபியூஸை விரல் நுனியில் பிடித்து அழுத்துவது தெரிகிறது, 'டக்'கென்று உட்காருகிற சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் அன்றைக்கு மஞ்சள் கல்யாணப் பத்திரிகை ஒன்று டேஷ்போர்டின் மேல் கிடந்தது, அந்த மஞ்சள் வந்து ஒட்டிக்கொண்டிருக்குமோ. நீலமும் அப்படித்தான். நீல ஃபியூஸைத் தட்டிலிருந்து பொறுக்குவது தெரிகிறது, ஆனால் பூங்கொடி அன்றைக்குக் கட்டியிருந்தது நீலப் பட்டு. கதவோரமாக நின்று, முந்தானை காரின் கிரீஸில் பட்டுவிடாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, விட்டுத் தொலை, நேரமாச்சு. எரியுதல்ல, போதும்" என்றாள். விட்டுத் தொலை என்றாள். அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் அவசரப்பட்டானா. இல்லை, அவள்மேல் பழி போடக் கூடாது, செத்தவள்மேல் போடுகிற புத்தி என்ன புத்தி. தட்டில் மஞ்சள் இருந்ததா இல்லையா என்பதுதான் விசயம். முந்தின நாள் ஒரு வேனுக்கு நாலைந்து மஞ்சள் போட்டான். தீர்ந்திருந்தால் கை தானாக நீலத்துக்குத்தான் போயிருக்கும், அவசரத்துக்கு இது போதும் என்று. போதும் என்று நினைத்தானா, நினைக்கவே இல்லையா. நினைத்துச் செய்த தப்பென்றால் ஞாபகம் இருக்கும். நினைக்காமல் செய்ததுக்கு எங்கே போய்த் தேடுவது. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை ரிவர்ஸ் எடுத்து மறுபடியும் மூன்று மணிக்குப் போய்விடும், வண்டி ஷெட்டுக்குள் நுழையும், மாப்பிள்ளை லைட்டைப் பற்றி முனகுவார். ஆறு வருசமாக இதே கதைதான். சாப்பிடும்போதும், பல் தேய்க்கும்போதும், வாடிக்கையாளர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் வண்டி உள்ளே நுழையும்.

மாப்பிள்ளைக்கு எதுவும் ஞாபகமில்லை. திரும்பும் வழியில் காங்கேயத்தில் இறங்கி டீ குடித்தது வரைக்கும்தான் ஞாபகம், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி விட்டம். ஸ்டேசனிலிருந்து வந்த ஏட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, "விடியக்காலை நாலு மணி. தூங்கிட்டீங்களாக்கும்?" என்று கேட்டார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "இருக்குங்க" என்றார், இருந்தாலும் இருக்கும் என்கிற மாதிரி. அவ்வளவுதான், எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த 'இருக்குங்க' அப்புறம் 'ஆமாங்க' ஆகி, சொந்தக்காரர்கள் வாயில் 'குடிச்சிருந்தானாமா' வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. குடிக்கிற ஆளே இல்லை. வெள்ளிங்கிரி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றான், கையில் இளநீர். வாயைத் திறந்து, ஏட்டய்யா, லைட்டையும் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். இளநீரைத்தான் நீட்டினான். வண்டியை ஸ்டேசன் வளாகத்தில் மூன்று வருசம் போட்டு வைத்திருந்தார்கள், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளிங்கிரி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனான். கேஸ் முடிந்து வண்டி வந்ததும், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். மாப்பிள்ளை கேட்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூன்று வருசம் வீட்டோரம் நிறுத்திவைத்துவிட்டு, இந்த வருசம் திடீரென்று, "இதே வண்டியத்தான் ஓட்டப்போறேன் மச்சான், கையால ஓட்டற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார். இடது பக்கம் நசுங்கியதை எல்லாம் டிங்கரிங்காரர் தட்டி நிமிர்த்திவிட்டார். வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. ஃபியூஸ் பாக்ஸ் வலது பக்கம். அன்றைக்கு அவன் சாத்திய மூடியை அதற்கப்புறம் ஒரு கையும் தொடவில்லை. ஹெட்லைட் சுவிட்சை இந்த ரெண்டு வாரத்தில் அவனும் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, அப்போது சொல்லவில்லை, பயம். மறுமாசம் சொல்லியிருக்கலாமே. மறுவருசம்? இந்தக் கேள்வியைத்தான் வெள்ளிங்கிரி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவான், நேராகப் போக மாட்டான், ஏனென்றால் நேராகப் போனால் மிருதுளா நிற்பாள். பரீட்சைக்காக ஒரு ராத்திரி தங்க வந்த பிள்ளை, அப்புறம் போகவே இல்லை. ஒன்பது வயசில் வந்தாள், இப்போது பதினைந்து. வெள்ளிங்கிரிக்கும் செல்விக்கும் குழந்தை இல்லை. பத்து வருசம் கோயில் குளம் ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்துபோன வீட்டில், காலை ஆறு மணிக்கு, "மாமா, என் ஒரு சாக்ஸக் காணோம்" என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும். நன்றாக இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. அவள் அப்பாவோடு பேச மாட்டாள். அம்மாவைத் தூங்கிக் கொன்ற ஆள் என்று யாரோ ஒரு கிழவி அவள் காதுபடச் சொல்லிவிட்டாள், அது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. தீபாவளி, பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டு வருவாள். மாப்பிள்ளை போன் பண்ணினால் எடுக்க மாட்டாள். "அப்பாகிட்டப் பேசு கண்ணு, பாவம்" என்று வெள்ளிங்கிரி ஒவ்வொரு தடவையும் சொல்வான். சொல்லிவிட்டு, அவள் முடியாது என்று தலையாட்டும்போது உள்ளே ஓர் ஓரத்தில் நிம்மதி மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். சீ, என்ன ஜென்மம் இது. மாப்பிள்ளை தூங்கினார் என்று இருக்கும் வரைக்கும்தான் இந்தப் பிள்ளை இந்த வீட்டில். லைட் அணைந்தது என்று ஆனால், அம்மாவைக் கொன்ற ஆள் மாமா. அவளுடைய ஸ்கூல் டைரியில் கார்டியன் என்று கையெழுத்துப் போடுகிற மாமா. அதனால்தான் மூடியைத் திறக்கவில்லை. ஏட்டுக்குப் பயந்தெல்லாம் இல்லை.

லேத் சத்தம் நின்றது. ஆரோக்கியம் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. ஷெட்டில் ஒரேயடியாக அமைதி, மாப்பிள்ளை செய்தித்தாள் புரட்டுகிற சத்தம் மட்டும். சாக்கு வழியாக வண்டித் தரையில் ஏதோ ஒன்று முதுகில் குத்திக்கொண்டே இருந்தது, நகர்ந்து படுக்கலாம், நகரவில்லை. ஓர் எறும்பு ஸ்டீயரிங் கம்பியில் இறங்கி வந்து மூடியின் கொக்கி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. திறந்து நீலமாக இருந்தால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவே இல்லை. மஞ்சளாக இருந்தால் என்ன செய்வது என்றும் யோசிக்கவில்லை. இத்தனை வருசம் கலரைத்தான் யோசித்திருக்கிறான், அதற்கு அந்தாண்டை ஒரு நாள் இருக்கும், அந்த நாளில் சோறு தின்ன வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. பயமாக இருந்ததா? பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை இருமினார். வெள்ளிங்கிரியின் கட்டை விரல் கொக்கியைத் தட்டியது. மூடி அவன் நெஞ்சின் மேல் விழுந்தது.

மஞ்சள். வலது லைட்டின் குழியில் மஞ்சள் ஃபியூஸ் உட்கார்ந்திருந்தது. டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனான். மேலே இருபது என்று எழுத்து. பிளாஸ்டிக்குக்குள்ளே வளைந்த கம்பி முழுசாக, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் இருந்தது. மூக்குப் பிளேயரால் பிடித்து இழுத்தான், வர மறுத்தது, அத்தனை கெட்டி. கால்கள் பளபளவென்று இருந்தன, சூடேறிய அடையாளமே இல்லை. பின்னாலிருந்த ஜாயின்டைத் தேடிப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவன் கை வைத்த ஜாயின்ட், ஈயம் முறுக்கோடு ஒட்டிப்போயிருந்தது, யானை கட்டி இழுத்தாலும் வராது. வேறு எதுவும் போயிருக்குமோ, ரிலேயோ சுவிட்சோ, என்று மனசு ஒரு தடவை ஓடிப்போய்த் தட்டிப் பார்த்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இந்த ரெண்டு வாரத்தில் அவனே அதையெல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. லைட் எரிந்திருக்கிறது. ரெண்டும் எரிந்திருக்கிறது. நூறு வாட்ஸ் வெளிச்சத்தில் அந்த லாரி பத்து மைல் தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும், பார்க்கிறதுக்குக் கண் திறந்திருந்தால். அப்படியென்றால் மாப்பிள்ளை தூங்கித்தான் இருக்கிறார். நான் இல்லை. நான் இல்லை என்று ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான், உதடு அசையாமல். இப்போது அழுகை வர வேண்டும், சிரிப்பாவது வர வேண்டும், ஆறு வருசம் சுமந்ததை இறக்கிவைத்தால் தோளாவது வலிக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. யாருடைய ரிப்போர்ட்டையோ வாங்கிப் படித்த மாதிரி இருந்தது. இனிமேல் மிருதுளா அவன் வீட்டுப் பிள்ளை, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, கல்யாணம் வரைக்கும், அதற்கப்புறமும். நியாயப்படி, சாட்சியோடு. அந்தத் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை, கையால் வண்டி ஓட்டிக்கொண்டு போய் மகள் ஸ்கூல் வாசலில் காத்திருக்கப்போகிறார், அவள் தோழிகளோடு அந்தப் பக்கமாகப் போய்விடுவாள். அதற்குத்தான் இந்த வண்டி. அவர் சொல்லவில்லை, ஆனால் வேறு எதற்கு. வெயிலில் வண்டிக்குள்ளேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் யோசனை நின்றது. மேலே போகவில்லை, திரும்பி மூன்று மணிக்கும் போகவில்லை.

அப்புறம் நடந்ததை அவன் முடிவு பண்ணினான் என்று சொல்ல முடியாது. கை பண்ணியது. மஞ்சள் ஃபியூஸைச் சட்டைப் பைக்குள் போட்டது. கதவுக்கு வெளியே தொங்கி ஷெட் தரையைத் துழாவியது. எலெக்ட்ரீசியன் ஷெட்டில் போன ஃபியூஸுக்கா பஞ்சம், கழற்றிக் கழற்றித் தரையில்தானே போடுகிறோம். சிவப்பு ஒன்று அகப்பட்டது, தள்ளிவிட்டது. அடுத்தது நீலம். கம்பி நடுவில் அறுந்து, உள்ளே புகை படிந்த ஒரு நீலம், யாருடைய வண்டியிலிருந்து வந்ததோ. கை அதைக் குழியில் ஒரு தடவை அழுத்தி, மறுபடியும் பிளேயரால் பிடுங்கியது. எதற்கு அந்தக் குழியில் ஒரு தடவை வைத்து எடுத்தது என்று அவனுக்கே தெரியவில்லை, பொய் சொன்னாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. உருண்டு வெளியே வந்து, எழுந்து, மாப்பிள்ளை முன்னால் போய் நின்றான்.

"மாப்ள, இதப் பாருங்க" என்றான். மாப்பிள்ளை செய்தித்தாளை மடித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். "என்னங்க மச்சான் இது?" "ஃபியூஸ். உள்ள கம்பி அறுந்திருக்குது பாருங்க. ரெண்டு லைட்டுக்கும் சேத்து இது ஒண்ணுதான் இருந்துச்சு. கல்யாணத்துக்குப் போனீங்களே, அன்னைக்கு நாந்தான் சேத்துக் குடுத்தேன். இருவது போட்டிருக்கணும், பதினஞ்சப் போட்டுட்டேன்." மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை. அவருக்கு ஒயர் விசயமெல்லாம் தெரியாது, நூல் மில் கணக்கர். "லைட்டு அணைஞ்சுருச்சுங்க மாப்ள. ரெண்டும் ஒண்ணா. நீங்க தூங்கல." லாரி ஒன்று மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மாப்பிள்ளை அந்த நீலத் துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார். "நான் தூங்கலையா?" என்றார். "இல்லீங்க." "ஆறு வருசமாச்சே மச்சான்." "இன்னைக்குத்தான் தொறந்து பாத்தேன். அன்னைக்கிருந்தே சந்தேகம் இருந்துச்சு. பாக்கறதுக்குப் பயமா இருந்துச்சு." அது நிஜம். இன்றைக்குத்தான் திறந்தான், பயமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பொய்யைச் சுற்றிலும் எல்லாமே நிஜமாக அமைந்துவிட்டது, சரளமாக வந்தது. "பயமா இருந்துச்சா" என்றார் மாப்பிள்ளை. குரல் ஏறவில்லை. "நான் தெனமும் அவ போட்டாவுக்கு முன்னால போயி மன்னிச்சுருன்னு கேட்டுட்டிருக்கேன். எம் பொண்ணு எம் மூஞ்சிய நிமுந்து பாக்கறதில்ல. நீங்க சந்தேகத்த வெச்சுக்கிட்டு எனக்கு ஆறுதல் சொன்னீங்களாக்கும். அடப்பாவி மனுசா." அப்புறம்தான் அழுதார். வாயைத் திறந்து, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். நாற்காலிச் சக்கரம் முன்னும் பின்னும் லேசாக ஆடியது. வெள்ளிங்கிரி பக்கத்தில் நின்றான், தொடவில்லை. தொட உரிமையில்லாத இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தது, அதை அவனே உண்டாக்கிக்கொண்டான் என்றும் தெரிந்தது, ரெண்டும் ஒருவாறு சரியாகவே பட்டது.

மாப்பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போனக் குடுங்க" என்றார். "எம் போன்ல இருந்து கூப்புட்டா எடுக்க மாட்டா." வெள்ளிங்கிரி கையைப் பேண்டில் துடைத்துவிட்டு, வீட்டு நம்பரைப் போட்டுக் கொடுத்தான். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. "பாப்பா, அப்பா பேசறேன். வெச்சறாத. ஒரு நிமிசம், வெச்சறாத கண்ணு." வைக்கவில்லை. அவர் சொன்னார். திக்கித் திக்கி, ஃபியூஸ் என்பதை ரெண்டு தடவை தப்பாகச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். நான் தூங்கல பாப்பா என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார். வெள்ளிங்கிரி கழற்றி வைத்த டிரைவர் சீட்டின் மேல் உட்கார்ந்து, தன் கை ரெண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் கறுப்பு, உள்ளங்கையில் ஈயம் சுட்ட பழைய தழும்பு, வேறு யாருடைய கையோ மாதிரி மடியில் கிடந்தன. மாப்பிள்ளை போனைக் காதில் அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் போனை நீட்டினார். "உங்ககிட்டக் குடுக்கச் சொல்றா."

வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, செல்வி தேங்காய் அரைக்கிறாள். பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. "மாமா" என்றாள். "சொல்லு கண்ணு." "நிஜமா?" அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், கைக்குள் அந்த நீலத் துண்டை இறுக்கி மூடிக்கொண்டு. "நிஜந்தான்" என்றான் வெள்ளிங்கிரி. மிக்சி நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தான், போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் சின்னக் குரலில், ஒன்பது வயசில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இருந்த அதே குரலில், "அப்ப நான் இனிமே எங்க இருக்கறது?" என்று கேட்டாள்.

நெஞ்சில் ஊசி போட்ட மரப்பு விட்டுப்போயிற்று. ஆறு வருசம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், வெயிலில், அவனுக்கு வலித்தது. மூச்சு விட முடியாமல் வலித்தது. "உங்கப்பாகிட்டக் கேளு கண்ணு" என்று சொல்லி, போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, முகம் தெரியாமல் இருப்பதற்காக வண்டிக்குள் போய்ப் படுத்து, முதல் ஒயரில் நம்பர் ஒட்டினான்.